தொட்டிலுக்கும் குளத்துக்கும் நடுவே: 'தங்க மீன்கள்' பார்த்த பெண்கள்

இயக்குநர் ராமின் 'தங்க மீன்கள்' 2013 ஆகஸ்ட் 30 அன்று வெளியானது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த குழந்தை நட்சத்திரம், சிறந்த பாடலாசிரியர் என்று மூன்று தேசிய விருதுகளைப் பெற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், நாலு பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரு கட்சி, "அப்பான்னா அப்படி இருக்கணும்" என்கிறது. இன்னொரு கட்சி, "பீஸ் கட்ட வழியில்லாதவனுக்கு அவ்வளவு வீராப்பு என்னத்துக்கு?" என்கிறது. இரண்டு கட்சியிலும் பெண்கள்தான் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அப்பாவை அளக்கிறார்கள் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் ஒரு சிற்றூர். பட்டறையில் வேலை பார்க்கும் கல்யாணி (ராமே நடித்திருக்கிறார்), தன் அப்பா அம்மாவின் வீட்டில் மனைவி வடிவோடும் மகள் செல்லம்மாவோடும் வாழ்கிறான். செல்லம்மா தனியார் பள்ளியில் படிக்கிறாள். எழுத்துகள் அவளுக்குக் குழம்புகின்றன, வகுப்பில் அவமானப்படுகிறாள். கட்டணத்தை நேரத்துக்குக் கட்ட முடியாமல் கல்யாணியும் அவமானப்படுகிறான். அப்பாவோடு சண்டை முற்றி, வீட்டை விட்டு வேலைக்காகக் கொச்சிக்குப் போகிறான். தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் நாய்க்குட்டி வேண்டும் என்று செல்லம்மா கேட்கிறாள். அதற்கான பணத்தைத் தேடி அவன் அலைகிறான். ஊரில் ஒரு குளம் இருக்கிறது. அதில் போய்ச் சேர்கிறவர்கள் தங்க மீன்களாக மாறிவிடுவார்கள் என்று அந்தக் குழந்தை நம்புகிறாள். அப்பா வராவிட்டால் தானும் மீனாகிவிடலாம் என்று நினைக்கிறாள். படத்தின் மொத்தப் பதற்றமும் அந்தக் குளத்தங்கரையில்தான்.

நான் இருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். மருத்துவர்களும் வியாபாரிகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வாழும் பகுதி இது. பெண்கள் கல்லூரி ஒன்றும் இங்கே இருப்பதால் விடுதி மாணவிகளை எந்நேரமும் தெருவில் பார்க்கலாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவ்வப்போது பெண்கள் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம், முடிந்ததும் பேசுவோம். மாணவிகள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்யும் அக்காக்கள், செவ்வாய்ப்பேட்டைப் பக்கமிருந்து வரும் கொலுசு வேலை செய்யும் பெண்கள் என்று கலவையான கூட்டம். 'தங்க மீன்கள்' படத்தை மூன்று முறை போட்டிருக்கிறோம். மூன்று முறையும் பேச்சு முடியாமல் காபி ஆறிப்போனது.

மாணவிகளில் பெரும்பாலோர் அழுதார்கள். அவர்களுள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எங்கப்பாவும் இப்படித்தாங்க. இதுவரைக்கும் என்னை ஒரு அடி அடிச்சதில்லை" என்றாள். அடிக்காமல் இருப்பதை அவள் ஒரு பெரிய அன்பின் சான்றாகச் சொன்னாள். மற்றவர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள்.

கொலுசுக்கு மணி கோர்க்கும் ஓர் அக்கா அழவில்லை. "நாய்க்குட்டி வாங்க அவன் ஊர் ஊரா அலையிறான், சரி. அத்தனை நாளும் அந்தப் புள்ளைக்குச் சோறு போட்டது யாரு? தலை சீவி விட்டது யாரு? அதை ஒரு பாட்டுலயாவது காட்டுனாங்களா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வேறு கோபம். எழுத்து குழம்பும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவது ஒரு வேலை, பொறுமை கேட்கும் வேலை, அதைச் செய்யாமல் பள்ளிக்கூடத்தோடு சண்டை போடுவது சுலபம் என்றார் அவர்.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி சொன்னது எனக்கு அதிகம் பிடித்தது. "எங்கப்பா கல்யாணிக்கு நேரெதிர். கடன் வாங்கி ரெண்டு லட்சம் கட்டி என்னை ஹாஸ்டல்ல சேர்த்தாரு. பார்க்க வர்ற ஞாயித்துக்கிழமை பிரியாணி கட்டிக்கிட்டு வருவாரு. டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் மார்க்கைக் கேட்பாரு. ஆனா ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு எனக்குத் தோணுது."

கடைசியாக, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பேசினார். ஓமலூர்ப் பக்கத்துக் கிராமம் அவருடையது. "பொட்டப் புள்ளையை இப்படித் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடறானே, அதுவே பெருசு கண்ணு. இதுல போய்க் குத்தம் சொல்றீங்களே" என்றார். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. விவாதம் அதோடு முடிந்தது.

அந்த ஒரு சொல்லுக்கு ஏன் அவ்வளவு பலம்? அது எந்த மண்ணில் நின்று சொல்லப்பட்டது என்று பார்த்தால் புரியும். பெண் குழந்தைகளைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டபோது, அதற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது சேலம் மாவட்டம்தான். அப்போது நாமக்கல்லும் இதே மாவட்டத்துக்குள் இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். நெல்லும் கள்ளிப்பாலும் செய்த வேலையை அதற்குள் ஸ்கேன் எந்திரமும் செய்யத் தொடங்கியிருந்தது. அந்தப் பாட்டி குழந்தைகள் பெற்ற காலம் அதற்கும் முந்தியது. தன் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அவர் கல்யாணியை அளந்தார்.

பாரதிராஜாவின் 'கருத்தம்மா' 1994இல் வந்தது. பெரியார்தாசன் நடித்த மொக்கையன் என்ற அப்பாவை நம்மால் மறக்க முடியாது. பிறந்த பெண் குழந்தையைத் தீர்த்துவிடச் சொல்லும் அப்பா அவர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த கல்யாணி, மகளுக்காக உயிரையும் விடுவான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தமிழ்ச் சமூகம் எவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டது என்று மகிழத் தோன்றும். நானும் மகிழ்கிறேன். மகளை வரதட்சணைச் செலவாகப் பார்க்காத, அழத் தெரிந்த, பணத்தில் தோற்ற ஓர் ஆணைக் கதாநாயகனாக்கியது ராம் செய்த பெரிய காரியம். ஆனால், இரண்டு படத்திலும் ஒன்று மாறவேயில்லை. பெண் குழந்தையின் வாழ்வு அப்பாவின் மனதைப் பொறுத்தே இருக்கிறது. அவன் வேண்டாம் என்றால் அவள் இல்லை. அவன் வேண்டும் என்றால் அவள் தேவதை. தானாகவே ஓர் ஆளாக அவள் எப்போது இருக்கப்போகிறாள்?

நம் பெண்கள் திரையரங்கில் அழும் அழுகையில் ஒரு நன்றி கலந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிறக்க விட்டதற்கு நன்றி, படிக்க வைத்ததற்கு நன்றி, அடிக்காததற்கு நன்றி. மகன்கள் இப்படி நன்றி சொல்வதில்லை. பிறப்பதும் படிப்பதும் அடிபடாமல் இருப்பதும் தங்களுக்கு உரியவை என்று அவர்களுக்குத் தெரியும். அளவுகோலின் அடிக்கோட்டைத் தொட்டிலில் வைத்துவிட்டால் அதற்கு மேலே அப்பா செய்வதெல்லாம் வரமாகத்தான் தெரியும். அந்த வரத்தைக் கேள்வி கேட்பவள் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள்.

இது நம் ஊரோடு நிற்கும் சங்கதி இல்லை. 2016இல் வந்த இந்திப் படமான 'தங்கல்' பற்றியும் இதே சண்டை நடந்தது. மகள்களின் விருப்பத்தைக் கேட்காமலேயே மல்யுத்தத்துக்கு இழுத்து, முடியை வெட்டிவிடும் அப்பாவைப் பெண் விடுதலையின் முன்னோடி என்று கொண்டாடியவர்கள் உண்டு. தன் கனவுக்கு மகள்களைக் கருவியாக்கியவர் என்று எதிர்த்தவர்களும் உண்டு. அந்தப் படத்தில் சிறுவயதிலேயே கல்யாணம் செய்துவைக்கப்படும் ஒரு பெண், உங்கள் அப்பாவாவது உங்களைப் பிள்ளையாக மதிக்கிறாரே என்ற பொருளில் அந்த மகள்களிடம் பேசுவாள். அதோடு அவர்களின் எதிர்ப்பு அடங்கிவிடும். எங்கள் கூடத்தில் பாட்டி சொன்னதும் அதையேதான். அங்கே குழந்தை மணம், இங்கே கள்ளிப்பால். அதைக் காட்டியதும் மகள்கள் வாயடைத்துப் போகிறார்கள்.

மகன்களுக்கு எடுக்கப்படும் படங்களைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்கும். 2008ஆம் ஆண்டு பிரகாஷ்ராஜ் இரண்டு அப்பாக்களாக நடித்தார். 'சந்தோஷ் சுப்ரமணியம்' படத்தில் அவர் மகனுக்காக எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். சட்டையிலிருந்து பெண் வரை அவரே தேர்ந்தெடுக்கிறார். அந்த ஆண்டின் கடைசியில் வந்த 'அபியும் நானும்' படத்தில் மகளுக்காக அதே பிரகாஷ்ராஜ் உருகுகிறார். மகள் சைக்கிளில் போனால் பின்னாலேயே போகிறார், அவள் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் நிலைகுலைகிறார். இரண்டுமே பிள்ளையை விட முடியாத அப்பாவின் கதைதான். முதல் படத்தில் அந்தப் பாசத்துக்கு மூச்சுமுட்டல் என்று பெயர். மகன் பொங்கி எழுந்து, என் வாழ்க்கை எனக்கு எங்கே என்று நீளமாகக் கேட்கிறான். அரங்கம் கைதட்டுகிறது. இரண்டாம் படத்தில் அதே பாசம் நகைச்சுவை, கண்ணீர், கவிதை. அங்கேயும் அப்பா மாறுகிறார், அதை மறுக்கவில்லை. ஆனால், அந்த நீளமான கேள்வியைக் கேட்க அபிக்கு வாய்ப்பே வருவதில்லை. அவள் புரிந்துகொள்கிறாள், சிரிக்கிறாள், காத்திருக்கிறாள். எங்கள் கூட்டத்தில் 'சந்தோஷ் சுப்ரமணியம்' பார்த்து அந்த அப்பாவைத் திட்டிய பெண்களே 'அபியும் நானும்' பார்த்து உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி விடுதிப் பள்ளி மாணவி சொன்னதற்கு வருகிறேன். 'தங்க மீன்கள்' தனியார் பள்ளியின் கட்டணக் கொள்ளையையும் மதிப்பெண் வெறியையும் சாடும் படம். செல்லம்மா கடைசியில் அரசுப் பள்ளியில்தான் மலர்கிறாள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அந்தப் படத்தைப் பார்த்து அழுத அப்பாக்களில் எத்தனையோ பேர் மறுநாள் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்குப் பணம் கட்டியவர்கள். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன ஊரில் அந்தப் பள்ளிகளையும் 'பிராய்லர் பள்ளி' என்று சொல்லும் கசப்பான பேச்சு நமக்குத் தெரியும். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் அரசு நிறுத்தும் வரை, செய்தித்தாள்களின் முழுப்பக்க விளம்பரங்களில் வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள் வந்தன.

பணம் கட்டும் அப்பாவும் பள்ளியோடு சண்டை போடும் கல்யாணியும் எப்படி ஒரே ஆள் ஆவார்கள்? கல்யாணியின் முதல் சண்டை பள்ளியோடு இல்லை, தன் அப்பாவோடுதான். பூ ராமு நடித்த அந்தப் பெரியவரின் கண்ணில் தான் தோற்றவன் என்பதுதான் அவனை அரிக்கிறது. தன்னைக் குறை சொல்லாத ஒரே உயிர் மகள். அவளிடம் மட்டுமே அவன் வென்றவன். அதனால்தான் அவள் கேட்ட நாய்க்குட்டி அவனுக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிறது. விடுதியில் சேர்த்த அப்பாவுக்கும் தான் படிக்காமல் போன ஒரு படிப்பு இருக்கிறது, சொந்தக்காரர்கள் முன் நிமிர வேண்டிய ஒரு தலை இருக்கிறது. ஒருவர் மகளின் முத்தத்தில் வெல்கிறார், இன்னொருவர் மகளின் மதிப்பெண்ணில். இரண்டு இடத்திலும் அப்பாவின் கணக்கைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு ஒரு சிறுமியின் தலையில் விழுகிறது.

அப்பாவின் பெருமை மகளிடம் இருக்கிறது என்ற நினைப்பு வளர்ந்து ஊரின், சாதியின் பெருமையும் அவளிடம் இருக்கிறது என்று ஆவதற்கு அதிக தூரம் இல்லை. 2015இல் திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் மாணவர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பெண்ணை உடலில் பாதியாகக் கொண்ட அர்த்தநாரீசுவரரின் கோயில் அது. கல்யாணி போன்ற அப்பாவையும் அந்தக் கொலைகாரர்களையும் நான் ஒன்றாக்கவில்லை. 'எங்க பொண்ணு' என்ற சொல்லில் உள்ள 'எங்க' எவ்வளவு தூரம் போகும் என்பது இந்தப் பகுதியில் வாழும் நமக்குத் தெரியும் என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டு உருகுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

'தங்க மீன்கள்' வந்தபோது ஒரு வாசகம் அந்தப் படத்தோடு சேர்ந்து ஊரெங்கும் பரவியது. முத்தம் காமத்தில் சேர்ந்தது இல்லை என்பது, மகள்களைப் பெற்ற அப்பாக்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று பொருள்படும் வாசகம். எத்தனையோ பேர் தங்கள் மகளின் படத்துக்குக் கீழே அதை எழுதி வைத்தார்கள். அதில் உள்ள 'மட்டும்' என்ற சொல் என்னை உறுத்துகிறது. அம்மாக்களுக்கு மகள்கள் முத்தம் கொடுப்பதில்லையா? கொடுக்கிறார்கள். ஆனால், அம்மாவின் அன்பு வேலையாக இருக்கிறது. சளி துடைப்பது, யூனிபார்ம் துவைப்பது, மாமனார் மாமியார் வீட்டில் கணவன் இல்லாத நாட்களில் மகளோடு தாக்குப்பிடிப்பது. ஷெல்லி கிஷோர் நடித்த வடிவு இதையெல்லாம் செய்கிறாள். அவள் நடிப்பில் களைப்பு தெரிகிறது, சலிப்பு தெரிகிறது. படமும் அதைக் காட்டத்தான் செய்கிறது. ஆனால், காட்டிவிட்டு இசையை அப்பாவுக்குக் கொடுத்துவிடுகிறது. கொலுசு வேலை செய்யும் அக்கா கேட்ட கேள்வி ஒரு திரைப்பட விமர்சகரின் கேள்விதான். பாட்டு யாருக்கு, வேலை யாருக்கு?

அந்தக் கேள்விக்கு ராமே ஒரு பதில் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளலாம். 2019இல் திரைக்கு வந்த 'பேரன்பு' படத்தில் மம்மூட்டி நடித்த அமுதவன், பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறான். மூளை முடக்குவாதம் உள்ள மகளை இத்தனை நாளும் தனியாக வளர்த்த மனைவி, இனி உன் முறை என்று விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். எங்கள் கூட்டத்தில் அந்த அம்மாவைத் திட்டாத ஆள் குறைவு. "பெத்தவ செய்யற வேலையா இது?" என்றார்கள். அதே வேலையை அப்பா பத்து ஆண்டுகள் செய்யாமல் இருந்ததைப் பற்றி யாருக்கும் கோபம் வரவில்லை. ஆனாலும், அந்தப் படத்தில் அப்பாவின் அன்பு வேலையாக மாறுகிறது. மகளின் மாதவிடாயை, அவள் உடம்பின் ஆசையை அவன் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அவள் தன்னைத் தவிர வேறொன்றையும் விரும்பும் உயிர் என்று அவன் கற்றுக்கொள்கிறான். கல்யாணிக்கு அந்தப் பாடம் வரவில்லை. செல்லம்மா வளராத வயதில் படம் முடிந்துவிடுகிறது.

குளத்துக்கு வருவோம். அப்பா வராவிட்டால் மீனாகிவிடலாம் என்று ஒரு சிறுமி நினைப்பதை அன்பின் ஆழம் என்று பார்த்துப் பலர் அழுதார்கள். எனக்கு அந்தக் காட்சியில் பயம்தான் வந்தது. இந்த உலகத்தில் தனக்கு மதிப்புக் கொடுப்பவர் ஒரே ஒருவர் என்று ஒரு குழந்தை நம்பினால், அந்த ஒருவர் ஊரில் இல்லாத நாளில் அவள் எங்கே போவாள்? படம் தெரிந்தோ தெரியாமலோ இதைச் சொல்லிவிடுகிறது. பள்ளியும் வீடும் அவளைக் கைவிட்டது உண்மை. அப்பா அவளைத் தாங்கியதும் உண்மை. ஆனால் அவளுக்கு நீந்தச் சொல்லித்தர யாரும் இல்லை. கடைசியில் அவளுக்குக் கைகொடுப்பது அரசுப் பள்ளியின் வகுப்பறை. அப்பாவைத் தாண்டி ஓர் உலகம் தன்னைக் கேட்கிறது என்று அவள் அங்கேதான் தெரிந்துகொள்கிறாள். இந்தப் படத்தின் மிகப் பெண்ணியமான இடம் அதுதான் என்பேன். படம் முடியும் நேரத்தில் வருவதால் கண்ணீரில் அது பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ஆகவே, கல்யாணி நல்ல அப்பாவா கெட்ட அப்பாவா என்று நாம் போடும் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அந்தச் சண்டையில் இரண்டு கட்சியும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறான் என்று அளப்பதற்குப் பதில், அந்த அன்புக்குள் அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். அவள் முடியாது என்று சொல்லலாமா? சராசரியாகப் படிக்கலாமா? அவர் விரும்பாத ஒருவரை விரும்பலாமா? அப்பாவின் தோல்விக்குத் தான் மருந்தாக இல்லாமலும் மகளாக இருக்கலாமா? பாட்டியின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். அவர் பார்த்த தொட்டில் காலத்தைக் கடந்து வந்த பெருமையும் நமக்கு இருக்கட்டும். ஆனால், உயிரோடு விட்டதைப் பாசத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டாம். அது நம் உரிமையின் முதல் வரி.

2013இல் செல்லம்மாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். இன்று அவள் ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் புத்தகப்பையோடு போகும் கல்லூரி மாணவிகளின் வயதில் இருப்பாள். அவள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இது உங்களுக்குப் பிடிக்காது" என்று ஆரம்பித்தால் கல்யாணி என்ன செய்வான்? அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றிப் பேச உட்காரும்போது, தோழிகளே, அங்கிருந்து தொடங்கலாம்.